ஒரே பெஞ்சில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும்: ஸ்டான்லியின் கடிதம் என்னாச்சு?

பிரிட்டனுக்கு மூன்று முறை பிரதமராக இருந்தவர் எட்வர்ட் ஸ்டான்லி (1799–1869). ஆனா அயர்லாந்து அவரை நினைவில் வைத்திருப்பது ஒரு கடிதத்துக்காக.

1831-ல் அவர் அயர்லாந்துக்கான தலைமைச் செயலாளர், வயது 32. கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் தனித்தனியா படிச்சா பகை எப்படித் தீரும்? அவர் சொன்ன வழி எளிது: எழுத்து, கணக்கு எல்லாம் ஒன்றாக, மத போதனை மட்டும் தனியாக. இரு தரப்பும் சேர்ந்து விண்ணப்பித்தால் அரசு நிதியில் முன்னுரிமை. இதற்குத் தனிச் சட்டம் போடல; லெய்ன்ஸ்டர் கோமகனுக்கு அவர் எழுதிய கடிதமே அடித்தளம்.

சிக்கலும் அங்கேதான். ஆசிரியர் நியமனம் உள்ளூர் புரவலர்கள் கையில் இருந்தது. அவர்களில் பலர் மதகுருமார்கள். 1839-ல் அயர்லாந்து ஆங்கிலிக்கத் திருச்சபையினர் தனிக் கல்விச் சங்கம் தொடங்கினார்கள். 1840-ல் பிரெஸ்பிட்டீரியன்கள் விதிகளைத் தளர்த்த வைத்தார்கள். கத்தோலிக்கப் பேராயர் மெக்ஹேலும் கடுமையாக எதிர்த்தார். ஸ்டான்லியோ 1833-லேயே வேறு பதவிக்குப் போய்விட்டார்.

பள்ளிகள் பெருகின, எழுத்தறிவும் பரவியது. ஆனா அவர் இறப்பதற்குள் பெரும்பாலான பள்ளிகள் நடைமுறையில் ஏதோ ஒரு திருச்சபையின் பள்ளியாகவே மாறிவிட்டன.

கடிதத்துக்கு 150 ஆண்டுகள் கழித்து, 1981-ல், பெல்ஃபாஸ்டில் பெற்றோரே சேர்ந்து லகன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். இரு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். முதல் நாள் மாணவர்கள் 28 பேர்.