வாய்ப்பைத் தவறவிட்டவர் மட்டும்தானா கேரி கில்டால்?

நான் படிவம் ஐந்தில் இருந்தபோது, எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்பு எங்களுக்கு ஒரு தன்முனைப்பு முகாம் நடந்தது. அதில் பேசிய ஒருவர், உலகப் பெரும் பணக்காரராகி இருக்க வேண்டிய ஓர் அமெரிக்கரின் கதையைச் சொன்னார். ஐபிஎம் நிறுவனத்தார் வீடு தேடி வந்த நாளில் அந்த மனிதர் சொந்த விமானத்தில் உல்லாசமாகப் பறக்கப் போய்விட்டாராம். காத்திருந்து அலுத்தவர்கள் பில் கேட்ஸிடம் போனார்களாம். வாய்ப்பு கதவைத் தட்டும்போது வீட்டில் இருங்கள் என்பதுதான் அன்றைய பாடம். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவருடைய பெயரைக்கூட நான் குறித்துக்கொள்ளவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பெயரை மறுபடியும் சந்தித்தேன். கேரி கில்டால். இம்முறை சிரிப்பு வரவில்லை. அவர் யோசித்து வைத்த ஒரு வழிதான் என் பணித்திட்டத்தைக் காப்பாற்றியது.

கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் மாறிப் பல்கலைக்கழகம் போய்வரும் மாணவர் கூட்டத்தில் நானும் ஒரு ஆள். படிப்பது கணினி அறிவியல். இந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த பணித்திட்டம், பாடத்துக்கென உருவாக்கப்பட்ட ஒரு சின்ன இயங்குதளத்துக்கு டிரைவர் எழுதுவது. இரண்டு சீரியல் போர்ட்டும் ஒரு பேரலல் போர்ட்டும் கொண்ட ஒரு கூடுதல் அட்டையைக் கணினிக்குள் செருகி, அதை அந்த இயங்குதளத்தோடு பேச வைக்க வேண்டும். டிரைவர் எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, அப்பாவைப் பற்றி ஏதோ கட்டுரை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார்.

யோசித்துப் பார்த்தால் அம்மா நினைத்ததில் பெரிய தவறில்லை. இந்தக் கண்டெய்னரை ஷா ஆலம் கிடங்கில் இறக்கு என்று மட்டும்தான் அலுவலகம் அப்பாவிடம் சொல்லும். எந்த லோரி, அதில் எத்தனை கியர், கிளட்ச் எப்படி இழுக்கும் என்பதெல்லாம் அப்பாவின் கவலை. கணினியிலும் அப்படித்தான். இந்த எழுத்தை பிரிண்டருக்கு அனுப்பு என்று இயங்குதளம் சொல்லும். அந்த பிரிண்டர் எந்த முகவரியில் இருக்கிறது, எப்போது அது தயாராகும் என்பதைத் தெரிந்துவைத்து வேலையை முடிப்பது டிரைவர்.

சீரியல், பேரலல் என்பதையும் எளிதாகச் சொல்லிவிடலாம். ஓர் எழுத்து என்பது எட்டு பிட். கே.எல். சென்ட்ரலில் எட்டுப் பேர் ஒரே கதவு வழியாக ஒருவர் பின் ஒருவராக வெளியேறினால் அது சீரியல். எட்டுக் கதவுகளில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வெளியேறினால் அது பேரலல். யுஎஸ்பி வந்த பிறகு இவை வீட்டுக் கணினிகளிலிருந்து மறைந்துவிட்டன. ஆனால் தொழிற்சாலை இயந்திரங்களிலும் பழைய பிரிண்டர்களிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அப்பாவின் அலுவலகத்தில் மூன்று படியாக டெலிவரி ஆர்டர் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பேரலல் கேபிளில்தான் ஓடுகிறது. புதுக் கணினியில் அந்த போர்ட் இல்லாததால் உள்ளே ஓர் அட்டையைச் செருகியிருக்கிறார்கள்.

என் தவறு இங்கேதான் தொடங்கியது. பழைய கணினிகளில் முதல் சீரியல் போர்ட்டின் முகவரி வழக்கமாக 3எஃப்8, பேரலல் போர்ட்டுக்கு 378. அந்த எண்களை நிரலில் கண்ட இடத்திலெல்லாம் எழுதி வைத்தேன். ஆய்வுக்கூடத்தின் பழைய கணினியில் எல்லாம் ஓடியது. அட்டை செருகிய கணினியில் ஒரு எழுத்துகூட வரவில்லை. அட்டைக்கான முகவரி கணினி தொடங்கும்போதுதான் ஒதுக்கப்படும். அது தெரியாமல் ஆளில்லாத வீட்டின் கதவை இரண்டு வாரம் தட்டிக்கொண்டிருந்தேன். திருத்தப் போனால், ஓர் இடத்தைத் தொட்டதும் இன்னோர் இடம் உடைந்தது. பணித்திட்டத்தையே மாற்றிக்கொள்ளலாமா என்று விரிவுரையாளரிடம் போய் நின்றேன். அவர் என் நிரலைப் பார்த்துவிட்டு, மாறக்கூடியதையும் மாறாததையும் பிரித்து எழுதச் சொன்னார். தனிக் கணினி உலகில் அதைச் செய்து காட்டியவரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வா என்றும் சொல்லி அனுப்பினார்.

கேரி கில்டால் 1942 மே 19-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பிறந்தார். கப்பல் ஓட்டுபவர்களுக்குத் திசையறியும் கலையைக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றை அவருடைய குடும்பம் நடத்தி வந்தது. அதைத் தொடங்கியவர் அவருடைய தாத்தா. கணித ஆசிரியராக வேண்டும் என்ற ஆசையோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரை, அங்கிருந்த கணினி தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1963-இல் பள்ளித் தோழி டோரதியை மணந்தார். கட்டாய இராணுவச் சேவைக் காலத்தில் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1972-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் கணினி என்றால் அறை நிறைய நிற்கும் இயந்திரம். 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற சின்னஞ்சிறு சில்லு, போக்குவரத்து விளக்கு போன்ற சாதனங்களைக் கட்டுப்படுத்தத்தான் உதவும் என்று பலர் நினைத்தார்கள். கில்டால் அதில் ஒரு முழுக் கணினியைப் பார்த்தார். கல்லூரி வேலையோடு இன்டெலுக்கும் ஆலோசகராக இருந்து, அதன் சில்லுகளுக்காக பிஎல்/எம் என்ற நிரல் மொழியை உருவாக்கினார்.

அடுத்ததாக, தரவைச் சேமிக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஷுகார்ட் நிறுவனத்தின் எட்டு அங்குல நெகிழ்வட்டுக் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கணினியோடு இணைக்கும் மின்சுற்றை அமைக்க அவரால் முடியவில்லை. நண்பர் ஜான் டொரோடி அதை அமைத்துக் கொடுத்தார். கில்டால் எழுதிய மென்பொருள் 1974-இல் அந்த வட்டை இயக்கியது. சிபி/எம் என்று பெயரிடப்பட்ட அந்த இயங்குதளத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள இன்டெல் முன்வரவில்லை. கேரியும் டோரதியும் தாங்களே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் டிஜிட்டல் ரிசர்ச் ஆனது. முனைவர் பட்டம் பெற்றவர் நிரல் எழுத, டோரதி வணிகத்தைக் கவனித்துக்கொண்டார்.

இனிதான் என் பணித்திட்டத்துக்கு உதவிய பகுதி. 1975-க்குப் பிறகு சிறு கணினிகளைச் செய்யும் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. ஒவ்வொன்றின் வட்டுக் கருவியும், திரையும், பிரிண்டரும் வெவ்வேறு விதம். சிலரிடம் திரையே இல்லை. காகித நாடாவில் துளையிட்டுப் படிக்கும் டெலிடைப் இயந்திரத்தை சீரியல் வழியாக இணைத்திருந்தார்கள். ஒவ்வொரு புதுக் கணினிக்கும் சிபி/எம்-ஐ உள்ளே புகுந்து மாற்றி எழுத வேண்டியிருந்தது. நான் இரண்டு வாரம் பட்ட பாட்டை அவர் மாதக்கணக்கில் பட்டிருக்கிறார்.

இம்சாய் என்ற நிறுவனம் தன் கணினிக்கும் சிபி/எம் வேண்டும் என்று கேட்டபோது, கில்டால் ஒரு முடிவுக்கு வந்தார். கருவிகளைத் தொடும் வரிகளை எல்லாம் பிடுங்கி எடுத்து ஒரே பகுதியில் வைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் பயோஸ். இன்று நாம் கணினியைத் தட்டியதும் கேள்விப்படும் அதே சொல்தான். கோப்புகளை நிர்வகிப்பது போன்ற மற்ற வேலைகள் எல்லாம் தனியாக, எந்தக் கணினியிலும் மாறாமல் இருக்கும்படி எழுதினார்.

பயோஸின் தலைப்பகுதியில் ஓர் அட்டவணை. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு வேலைக்கு வழிகாட்டும். திரைக்கு ஓர் எழுத்து அனுப்பு, விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்து வாங்கு, பிரிண்டருக்கு அனுப்பு, நாடாவைப் படி, நாடாவில் துளையிடு, வட்டில் எழுது என்று 2.2 பதிப்பில் மொத்தம் 17 வரிகள். அந்தப் பதினேழையும் தன் கருவிகளுக்கு ஏற்ப எழுதிக்கொண்டால், எந்த நிறுவனத்தின் கணினியிலும் சிபி/எம் ஓடும். பிரிண்டர் சீரியலில் இருக்கிறதா பேரலலில் இருக்கிறதா என்பதைக்கூட நினைவகத்தில் ஒரே ஒரு பைட்டை மாற்றிச் சொல்லிவிடலாம்.

பெரிய கணினிகளில் இப்படிப்பட்ட சிந்தனை அதற்கு முன்பே இருந்தது. ஆனால் சில ஆயிரம் பைட் நினைவகம் மட்டுமே உள்ள சிறு கணினியில், வேறு வேறு நிறுவனங்கள் தாங்களே பொருத்திக்கொள்ளும் அளவுக்கு அதை எளிமையாக்கியவர் கில்டால். இம்சாய் 25,000 டாலர் கொடுத்து உரிமம் வாங்கியது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. வேர்ட்ஸ்டார் போன்ற மென்பொருள்களை ஒரு முறை எழுதிப் பல கணினிகளுக்கு விற்கும் சந்தை அதன் பிறகுதான் உருவானது.

இப்போது அந்த விமானக் கதைக்கு வருவோம். 1980-இல் ஐபிஎம் தன் முதல் தனிக் கணினிக்கு இயங்குதளம் தேடிக் கில்டாலின் நிறுவனத்துக்கு ஆள் அனுப்பியது உண்மை. காலையில் அவர் விமானத்தில் போனதும் உண்மை. ஆனால் உல்லாசத்துக்காகப் போகவில்லை. வேலை நிமித்தமாக ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். வணிகப் பேச்சை வழக்கம்போல டோரதி கவனித்தார். ஐபிஎம் நீட்டிய இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில், வழக்கறிஞரைக் கலந்த பிறகு, அவர் உடனே கையெழுத்திடவில்லை. அதன் பிறகு நடந்ததைப் பற்றி இரு தரப்பினரும் வெவ்வேறாகச் சொன்னார்கள். பேச்சு முடிவுக்கு வரவில்லை என்பது மட்டும் உறுதி.

அவர் பக்கத்திலும் தவறு இருந்தது. இன்டெலின் புதிய 8086 சில்லுக்கான சிபி/எம் வெளிவரத் தாமதமானது. அந்தத் தாமதத்தால்தான் சியாட்டலில் டிம் பேட்டர்சன் என்ற பொறியாளர், சிபி/எம் போலவே வேலை செய்யும் ஓர் இயங்குதளத்தைத் தானே எழுதினார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. அதுதான் டாஸ். கில்டால் எதிர்ப்புத் தெரிவித்தபோது, சிபி/எம்-ஐயும் சேர்த்து விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. ஆனால் கடையில் டாஸின் விலை 40 டாலர், சிபி/எம்-இன் விலை 240 டாலர். யார் எதை வாங்கியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

டாஸ் எவ்வளவு தூரம் அவருடைய வழியில் நடந்தது என்பதற்கு ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. சிபி/எம்-இல் பிரிண்டருக்கு ஓர் எழுத்து அனுப்பும் சேவையின் எண் 5. டாஸிலும் அதே வேலைக்கு அதே எண் 5. நாடாவைப் படிக்கவும் துளையிடவும் இருந்த 3, 4 என்ற எண்கள், டாஸில் சீரியல் போர்ட் வழியாக வாங்கவும் அனுப்பவும் ஆகிவிட்டன.

கில்டால் அதோடு முடங்கிவிடவில்லை. 1983 முதல் கணினியைப் பொதுமக்களுக்கு விளக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இணைத் தொகுப்பாளராக இருந்தார். 1985-இல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தைக் குறுந்தட்டில் கொண்டுவந்த முயற்சி அவருடையது. 1991-இல் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் நோவெல்லுக்கு விற்கப்பட்டது. அவர் ஏழையாகச் சாகவில்லை. ஆனால் போன இடமெல்லாம் அந்த விமானக் கதை முன்னால் போய் நின்றது. கடைசி ஆண்டுகள் கசப்பும் மதுப் பழக்கமுமாகக் கழிந்தன. 1994 ஜூலையில் மான்டரே நகரில் தலையில் பட்ட காயத்தால் 52 வயதில் காலமானார். அவருடைய நிறுவனம் இருந்த பசிபிக் குரோவ் ஊர்க் கட்டடத்தில் 2014-இல் ஐஇஇஇ அமைப்பு நினைவுப் பலகை வைத்து அந்தப் பணியைச் சிறப்பித்தது.

இதையெல்லாம் படித்த பிறகு என் நிரலை அழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். மேலே ஓர் அட்டவணை. அனுப்பு, வாங்கு, தயாரா என்று கேள். அவ்வளவுதான். முகவரியைத் தேடிக் கண்டுபிடிப்பது கீழே தனிக் கோப்பில். அப்பாவின் அலுவலகத்தில் ஓரமாகக் கிடந்த பழைய பிரிண்டரைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு சனிக்கிழமை இரவு, அது கரகரவென்று என் பெயரை அடித்தது. பிரிண்டரை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டுமா என்று அப்பா கேட்டார். கீழே உள்ள கோப்பு மட்டும் மாறும் என்றேன். லோரி மாறினாலும் போகிற இடம் மாறாது, அப்படித்தானே என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். நான் ஒரு பருவம் முழுக்கப் படித்தது அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

தம்பி தங்கைகளே, உங்கள் முகாமிலும் யாராவது அந்த விமானக் கதையைச் சொல்லலாம். அப்போது கை தூக்கி ஒரு கேள்வி கேளுங்கள். அந்த மனிதர் எதை இழந்தார் என்பது இருக்கட்டும், எதை உருவாக்கினார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், பயோஸ் என்ற சொல்லிலிருந்து தொடங்கி நீங்களே சொல்லுங்கள்.