அணுவைச் சுவடாக்கிய அறிஞர் ஜோர்ஜ் டி ஹெவெசி



புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் வந்து மிதந்தது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது நடந்ததோ இல்லையோ, அக்கதையைக் கட்டியவரின் புத்தியை மெச்சத்தான் வேண்டும். நிலத்தின் கீழ் நீர் ஓடும் வழியை நாம் கண்ணாற் காண முடியாது. ஆனால் நீரோடு கூடவே செல்லக்கூடிய ஒரு பொருளை, மறுபுறத்தில் கண்டால் இன்னதென்று அடையாளம் தெரியக்கூடிய ஒரு பொருளை, உள்ளே விட்டால் அது வழியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மனித உடலும் அத்தகைய ஆழ்கிணறுதான். உண்ட உணவும் குடித்த நீரும் உள்ளே எங்கெங்கு செல்கின்றன, எங்கே தங்குகின்றன என்பதை வெளியில் நின்று காண்பது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை கண்டவர் ஒருவர். அவருடைய வாழ்க்கையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியிற் புற்றுநோய் என்று அறிந்து, கதிர்வீசும் அயடீனைக் குடிக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னவுடன், நோயைவிட மருந்துக்கே அஞ்சும் குடும்பங்கள் நம்மிடையே பல. கதிர் என்றதும் ஹிரோஷிமாவே நினைவுக்கு வருகிறது. அம்மா அதைக் குடித்துவிட்டு வந்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று வீடே கலங்குகிறது. அந்த மருந்தின் பிறப்பை அறிந்தவர்களுக்கு இந்தக் கலக்கம் பாதியாகக் குறையும்.

ஜோர்ஜ் டி ஹெவெசி 1885ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டிற் பிறந்தார். யூத குலத்திலிருந்து கத்தோலிக்க திருமறையைத் தழுவிய செல்வக் குடும்பம் அது. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாமவர். பியாரிஸ்ட் சபைத் துறவியர் நடத்திய பாடசாலையிற் கல்வி கற்று 1903இல் வெளியேறினார். பின்னர் ஜேர்மனி சென்று, பிரைபூர்க் பல்கலைக்கழகத்தில் 1908இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1911இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரை அடைந்தார். அங்கே அணுவின் உட்கருவைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றிருந்த ரதர்போர்ட் இவருக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒஸ்திரிய அரசு அன்பளிப்பாக அனுப்பியிருந்த பல நூறு கிலோ ஈயம் ஆய்வுகூடத்தின் நிலவறையிற் கிடந்தது. அதனுள்ளே 'ரேடியம் டி' என்னும் கதிர்வீசும் பொருள் கலந்திருந்தது. ஈயத்தை நீக்கி அப்பொருளை மட்டும் பிரித்துத் தரவேண்டும். இதுவே இளைஞர் ஹெவெசிக்கு இடப்பட்ட பணி.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் முயன்றார். கரைத்தார், காய்ச்சினார், வடித்தார். தெரிந்த முறைகள் யாவற்றையும் கையாண்டும் ஒன்றும் பலிக்கவில்லை. ஈயம் எங்கே சென்றதோ அங்கேயே ரேடியம் டியும் சென்றது. தோல்வி முழுமையானது. ரேடியம் டி என்பது வேறொரு மூலகம் அன்று, அதுவும் ஈயமே, ஈயத்தின் ஒரு சமதானி என்பது பின்னரே விளங்கிற்று. இரசாயன முறையில் ஈயத்தை ஈயத்திலிருந்து பிரிப்பது எங்ஙனம்?

வேறொருவராயின் மனமுடைந்து வேறு வேலை தேடியிருப்பார். ஹெவெசியோ அத்தோல்வியைத் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவே முடியாதவாறு இரண்டும் ஒன்றாய்ச் செல்லுமாயின், கதிர்வீசும் ஈயத்தில் ஒரு துளியைச் சாதாரண ஈயத்துடன் வேண்டுமென்றே கலந்துவிட்டால் என்ன? கண்ணுக்குத் தெரியாத அளவு ஈயம் எங்கே சென்றாலும், கதிரை அளக்கும் கருவி அதைக் காட்டிவிடுமே! தேசிக்காய் கிடைத்துவிட்டது. 1913இல் வியன்னாவிலுள்ள ரேடிய ஆய்வு நிலையத்தில், பானெத் என்பவருடன் சேர்ந்து இம்முறையை முதன்முதலாகச் செய்து காட்டினார். நீரிற் கரையாதவை என்று கருதப்பட்ட ஈய உப்புகள் எவ்வளவு கரைகின்றன என்பதை இருவரும் அளந்தனர்.

அந்நாட்களைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதையும் சொல்லப்படுகிறது. ஹெவெசி தங்கியிருந்த விடுதியின் எசமானி ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய இறைச்சியையே மறு நாட்களிலும் உருமாற்றிப் பரிமாறுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். அம்மையார் மறுத்தார். ஹெவெசி ஒரு ஞாயிறன்று தமது தட்டில் மிஞ்சியதிலே கதிர்வீசும் பொருளைச் சிறிது இட்டுவைத்தார். சில நாள் கழித்து மேசைக்கு வந்த உணவைக் கருவியாற் சோதித்தார். குட்டு வெளிப்பட்டது. இன்று யாரும் செய்யத் துணியக்கூடாத காரியம்தான். ஆயினும் முறை விளங்குகிறதல்லவா?

மான்செஸ்டரில் அவருடைய நண்பர் மோஸ்லி. ஒருநாள் இருவரும் தேநீர் அருந்துகையில், இக்கோப்பையிலுள்ள நீர் என் உடலில் என்னவாகிறது என்று கண்டறிய வேண்டும் என ஹெவெசி ஆசைப்பட்டதாகவும், அது நடவாத கனவு என்று மோஸ்லி எண்ணியதாகவும் கூறுவர். மோஸ்லி 1915இல் கலிப்போலிப் போர்முனையில் இளவயதிலேயே மாண்டார். நண்பர் காணாவிடினும் அக்கனவு பலித்தது. 1934இல் கனநீர் கலந்த நீரை ஹெவெசியும் ஹோபர் என்பவரும் பரிசோதனைக்குப் பயன்படுத்தினர். உட்கொண்ட நீரிற் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ 9 நாள் செல்லும் எனக் கண்டனர்.

இதற்கிடையில் அவர் வாழ்விற் பல மாற்றங்கள். 1920இல் நீல்ஸ் போர் என்னும் பேரறிஞரின் அழைப்பை ஏற்று டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகருக்குச் சென்றார். அங்கே கொஸ்டர் என்பவருடன் ஹப்னியம் என்னும் புதிய மூலகத்தைக் கண்டுபிடித்து 1923இல் உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில் அவரைச் செடிகள் ஈர்த்தன. அவரைச் செடியின் வேர் கதிர்வீசும் ஈயத்தை உறிஞ்சி, தண்டுக்கும் இலைக்கும் எவ்வளவு அனுப்புகிறது என்று அளந்தார். உயிருள்ள ஒன்றினுள் சுவடு பிடித்த முதற் பரிசோதனை இதுவே. 1924இல் விலங்குகளின் உடலிலும் இதைச் செய்தார். அவ்வாண்டிலேயே பியா ரீஸ் என்னும் டென்மார்க் பெண்மணியை மணந்தார். ஒரு மகனும் மூன்று பெண்மக்களும் பிறந்தனர்.

ஆனால் ஈயம் உடலுக்கு நஞ்சு. உயிருக்குத் தேவையான மூலகங்களிற் கதிர்வீசும் வகை அன்று இருக்கவில்லை. 1934இல் ஐரீன் கியூரியும் அவருடைய கணவர் ஜோலியோவும் செயற்கையாகக் கதிர்த்தொழிற்பாட்டை உண்டாக்கலாம் எனக் காட்டியபோதுதான் அந்தக் கதவு திறந்தது. நாசிகளின் கொடுமையால் அவ்வாண்டு ஜேர்மனியை விட்டுக் கொப்பன்ஹேகன் திரும்பியிருந்த ஹெவெசி, கதிர்வீசும் பொசுபரசை உண்டாக்கி, கீவிட்ஸ் என்னும் வைத்தியருடன் சேர்ந்து எலிகளுக்குக் கொடுத்தார். 1935இல் வெளிவந்த முடிவு பலரை வியக்கவைத்தது. கல்போல மாறாது நிற்பதாக எண்ணப்பட்ட எலும்பு, பழைய பொசுபரசை விடுத்துப் புதியதை ஏற்று ஓயாது தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது!

1940 ஏப்ரலில் ஹிட்லரின் படை கொப்பன்ஹேகனுட் புகுந்தது. ஜேர்மன் அறிஞர்களாகிய லாவே, பிராங்க் இருவரின் நோபல் தங்கப் பதக்கங்கள் அங்கே ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. நாட்டை விட்டுத் தங்கத்தை வெளியேற்றுவது ஜேர்மனியில் கடுங்குற்றம். பதக்கங்களிற் பெயரோ பொறிக்கப்பட்டிருந்தது. படைகள் தெருவில் அணிவகுத்துச் செல்கையில், தங்கத்தையும் கரைக்கும் இராச திராவகத்தில் அவற்றைக் கரைத்துச் சாடியில் ஊற்றித் தட்டில் வைத்தார் ஹெவெசி. தேடி வந்தவர்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. போர் முடிந்தபின் தங்கம் மீட்கப்பட்டு, நோபல் நிறுவனத்தால் மீண்டும் பதக்கங்களாக வார்க்கப்பட்டது.

1943இல் அவரும் சுவீடனுக்குத் தப்பியோட நேர்ந்தது. அவ்வாண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு 1944இல் அவருக்கு வழங்கப்பட்டது. ஸ்டொக்ஹோமில் ஒய்லர் என்பவருடன் சேர்ந்து அவர் புற்றுக்கட்டிகளையும் ஆராய்ந்தார். எலியின் கட்டி மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சியபோது, உயிரணு பெருகுவதற்கு வேண்டிய கருவமிலம் உண்டாவது வெகுவாகக் குறைவதை, பொசுபரசுச் சுவட்டின் துணையாற் கண்டனர். கதிர் கட்டியை அடக்குவது எவ்வாறு என்பதற்கு அது ஒரு திறவுகோலாயிற்று.

அவர் காட்டிய வழியிற் பிறர் நடந்தனர். 1936இல் அமெரிக்காவின் பேர்க்கிலியில் ஜோன் லோரன்ஸ் இரத்தப் புற்றுநோயாளருக்குக் கதிர்வீசும் பொசுபரசைக் கொடுத்தார். 1941இல் பொஸ்டனில் சோல் ஹேர்ட்ஸ் தைரொயிட் மிகைச் சுரப்புக்குக் கதிர்வீசும் அயடீனைக் கொடுத்தார். அதே பத்தாண்டில் அது தைரொயிட் புற்றுநோய்க்கும் மருந்தாயிற்று.

வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். ஹெவெசி இரண்டாண்டு முயன்றும் பிரிக்க முடியாததை நம் உடலாலும் பிரிக்க முடியாது. கடலுணவிலும் உப்பிலும் வரும் அயடீனையும் கதிர்வீசும் அயடீனையும் தைரொயிட் வேறுபடுத்தி அறியாது. அயடீன் என்று இரண்டையும் ஒன்றுபோல் விழுங்கும். அச்சுரப்பியிற் பிறந்த புற்றணுக்கள் பலவும் கழுத்தை விட்டு வேறிடம் பரவிய பின்னும் இக்குணத்தைக் கைவிடுவதில்லை. ஆகவே மருந்து தானே அவற்றைத் தேடிச் செல்கிறது. அதிலிருந்து வரும் பீற்றாக் கதிர் ஓரிரு மில்லிமீற்றருக்குள் அணுவை அழிக்கிறது. காமாக் கதிர் வெளியே வந்து, நோய் எங்குள்ளது என்று கமராவுக்குக் காட்டுகிறது. ரதர்போர்ட்டின் நிலவறையில் அவரைத் தோற்கடித்த அதே உண்மைதான் இன்று நோயாளரைக் காப்பாற்றுகிறது.

சிகிச்சைக்கு முன்னர் ஓரிரு வாரம் மீன், இறால், நண்டு, அயடீன் சேர்த்த உப்பு ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வதன் காரணமும் இதுதான். கூழும் மீன்குழம்புமாய் வளர்ந்த நமக்கு அது கடினமே. ஆயினும் சுரப்பி அயடீனுக்குப் பசித்திருந்தால்தான் மருந்தை நன்றாக ஏற்கும்.

அச்சத்துக்கும் அளவு உண்டு. இந்த அயடீனின் அரைவாழ்வு 8 நாள். மிஞ்சியதிற் பெரும்பகுதி முதற் சில நாட்களிலே சிறுநீருடன் வெளியேறிவிடும். அதனாலேயே நோயாளரைச் சில நாள் தனியறையில் வைக்கின்றனர். வீடு திரும்பியபின், வைத்தியர் குறித்த நாள்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காதிருந்து, நீர் நிறையக் குடித்தாற் போதும். படம் எடுப்பதற்கு மட்டும் பயன்படும் தெக்னீசியத்தின் அரைவாழ்வோ 6 மணித்தியாலம். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். எல்லாப் புற்றுநோய்க்கும் அயடீன் மருந்தாகாது என்பதையும் மறவாதீர்கள். அதை விழுங்கும் கட்டிக்கே அது பலன் தரும். வேறு கட்டிகளுக்கு வேறு சுவடுகள் உண்டு. சர்க்கரையை மிகுதியாக உண்ணும் கட்டியைக் காண, புளோரீன் இணைத்த சர்க்கரையை ஏற்றுகின்றனர். புரோஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய் சிலவற்றுக்கு இலுத்தேசியம் மருந்தாகிறது.

ஹெவெசி 1966 ஜூலை 5ஆந் திகதி பிரைபூர்க்கில் இறந்தார். 2001இல் அவருடைய உடல் பிறந்த மண்ணாகிய புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

உங்கள் வீட்டில் எவருக்கேனும் இத்தகைய சிகிச்சை வேண்டும் என்று கடிதம் வந்தால், அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு அதை மடித்து வைத்துவிடாதீர்கள். என்ன மருந்து, எத்தனை நாள், வீட்டில் என்ன கவனம் என்று வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தைரொயிட் புற்றுநோயிற் பெரும்பாலானவை காலத்தோடு கவனித்தால் நன்கு குணமாகக் கூடியவை. அஞ்சிக் கடத்தும் மாதங்களே ஆபத்தானவை.