நிழல் தந்த அய்யா



அய்யா வைகுண்டர் 1809-ல், இன்று சாமிதோப்பு என்று வழங்கும் பூவண்டன் தோப்பில் எளிய குடியில் பிறந்தார். 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வெளிப்பட்டுத் தோப்பில் தவமிருந்தார்.

அந்நாளில் தென்திருவிதாங்கூரில் சான்றோர் குலத்துக்கும் மற்ற ஒடுக்கப்பட்ட குலங்களுக்கும் குடியிருப்பு என்பது பேருக்குத்தான். ஓலைக் குடிசையில் கிடக்கவேண்டும். மாடி வைத்துக் கட்டக்கூடாது. தலைக்கு வரி, பனைக்கு வரி. அதிகாரி கூப்பிட்டால் கூலியில்லா ஊழியம். தாங்கமாட்டாமல் ஊரைவிட்டு ஓடினவர்கள் உண்டு. ஓடினவர்களுக்கு வழியில் ஒதுங்கவும் இடமில்லை. அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் பிராமணருக்குச் சோறு கிடைத்தது. அந்த வாசலை இவர்கள் நெருங்கவே முடியாது.

தோப்பில் அய்யாவைத் தேடி வந்தவர்கள் குலம் பாராமல் முத்திரிக்கிணற்றில் ஒன்றாகக் குளித்து, ஒன்றாக உண்டார்கள். அது மன்னருக்குப் பொறுக்கவில்லை. அய்யாவைச் சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் அடைத்தார்கள்.

சிறை மீண்ட அய்யா 700 குடும்பங்களை வாகைப்பதிக் கடற்கரைக்குத் துவையல் தவசுக்கு அனுப்பினார். பெண்களும் பிள்ளைகளும் கூடச் சென்றார்கள். கடலில் மூன்று வேளைக் குளி, உடுத்த துணியைத் துவைத்தல், அரிசியும் பயறும் சேர்ந்த ஒரு வேளை உணவு. நோய் கண்டு பலர் வாடினார்கள். ஆனால் தனித்தனிக் குடிசையில் பயந்து கிடந்தவர்கள் ஓர் ஊராகக் கூடி வாழப் பழகியது அங்கேதான்.

பிறகு ஊர்மக்கள் அழைக்க அழைக்க அய்யா ஊர் ஊராக எழுந்தருளினார். பெரிய கோவில் எழுப்பச் சொல்லவில்லை. செட்டிகுடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய ஏழு இடங்களில் நிழல்தாங்கல் அமைத்தார். களைத்து வந்தவர் இளைப்பாறலாம், பசித்தவர் உண்ணலாம், பிள்ளைகள் எழுத்துப் படிக்கலாம். வந்தவரின் குலத்தை வாசலில் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கு வேண்டியதை ஊர்மக்களே சேர்ந்து செய்தார்கள்; அரசின் காசு ஒன்றும் அதில் இல்லை.

இன்று நம் தாங்கல்கள் பல தளம் போட்டு, மதில் வைத்து அழகாக இருக்கின்றன. சிலவற்றில் உச்சிப்படிப்பு முடிந்ததும் கதவு பூட்டிவிடுகிறது. உச்சி வெயிலில் வருகிறவன் மதிலின் வெளிநிழலில்தான் உட்காரவேண்டியிருக்கிறது.

1851 வைகாசியில் அய்யா வைகுண்டம் ஏகினார். அதன்பின்னும் மக்கள் ஓயவில்லை; அய்யா நேரில் வந்து கால்வைக்காத ஊர்களிலும் தாங்கல் கட்டி, விளக்கேற்றி, வந்தவருக்கு அன்னம் பரிமாறினார்கள்.