பழுதான ஒரு கைக்குண்டும் அறுபது ரவைகளும்

எமது முகநூல் பக்கங்களில் ஒரு கதை அடிக்கடி வந்துபோகிறது. வலது கையைக் குண்டுக்குக் கொடுத்த ஒரு சிப்பாய், இடது கையால் சுடப் பழகி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். மனமிருந்தால் மார்க்கமுண்டு என்ற வரியோடு கதை முடிந்துவிடும். போரில் அவயவம் இழந்தவர்களைச் செய்திக்காகச் சந்தித்துவரும் எனக்கு, அந்தக் கதையில் சொல்லாமல் விடப்படும் பகுதிகளே முக்கியமாகப் படுகின்றன.

அந்தச் சிப்பாய் ஹங்கேரி நாட்டின் காரோய் டகாச். 1910 ஜனவரி 21 அன்று புடாபெஸ்டில் பிறந்தவர். இராணுவத்தில் சார்ஜன்ட். கைத்துப்பாக்கிச் சுடுதலில் பெயர் பெற்றிருந்தும் 1936 பேர்லின் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடமில்லை. அதிகாரித் தரத்தினர் மட்டுமே போட்டியிடலாம் என்பது அன்றைய ஹங்கேரிய விதி. அந்த விதி பின்னர் நீக்கப்பட்டது. அடுத்த ஒலிம்பிக்குக்கு அவர் ஆயத்தமானார்.

1938இல் ஒரு பயிற்சியின்போது, கைவிட்டுப் போனபின் வெடிக்கவேண்டிய கைக்குண்டு கையிலேயே வெடித்தது. குண்டில் பழுது. சுடுகின்ற வலது கை சிதைந்துபோனது. அந்தக் குண்டை எதிரி எறியவில்லை. அவருடைய படையே அவருக்குக் கொடுத்த குண்டு அது.

சுமார் ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தவர், வெளியே வந்ததும் யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகத் தொடங்கினார். 1939இல் தேசிய சம்பியனானார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லூசேர்னில் நடந்த உலகப் போட்டியில் வென்ற ஹங்கேரிய அணியிலும் இருந்தார். பிறகு உலகப் போர் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் இரண்டும் நடக்கவில்லை. லண்டனில் 1948இல் அவர் களமிறங்கியபோது வயது 38.

அவருடைய போட்டி 25 மீற்றர் விரைவுச் சுடுதல். வரிசையாக நிற்கும் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து ரவைகள். முதலில் எட்டு வினாடி, பின்னர் ஆறு, கடைசியில் நான்கே வினாடி. மொத்தம் அறுபது ரவைகள், 600 புள்ளிகள். நான்கு வினாடிக்குள் ஒரு ரவை வெடிக்க மறுத்தால், அல்லது வெற்றுக்கோது வெளியேறாமல் சிக்கிக்கொண்டால், எத்தனை வருடப் பயிற்சியும் உதவாது.

இந்தப் போட்டியில் பயன்படும் 0.22 அங்குல ரவையில், தீப்பற்றவைக்கும் கலவை கோதின் அடிவிளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். அதனால் சுட்ட கோதைத் திரும்ப நிரப்ப வழியில்லை. போட்டியாளர் ஒரே தயாரிப்பின் வெவ்வேறு தொகுதிகளை வாங்கிச் சுட்டுப்பார்த்து, தன் துப்பாக்கிக்குப் பிடித்த தொகுதியைத் தேர்ந்துகொள்வார். பழுதான குண்டால் கை இழந்தவர், தன் மிச்ச வாழ்வை வெடிபொருளின் நம்பகத்தன்மையிலேயே மறுபடி கட்டவேண்டியிருந்தது.

லண்டனில் அவர் எடுத்தது 580. உலக சாதனை. அப்போதைய உலக சம்பியனான ஆர்ஜென்டீனாவின் டியாஸ் சயென்ஸ் வலியென்டே இரண்டாமிடம். 1952 ஹெல்சிங்கியில் 579 புள்ளிகளோடு மீண்டும் தங்கம். ஒரே புள்ளியால் பின்தங்கி வெள்ளி பெற்ற இளைஞர் சிலார்ட் குன், அவரிடமே பயின்றவர். 1956 மெல்பேர்னில் டகாச் எட்டாமிடம். லெப்டினன்ட் கேணலாக ஓய்வுபெற்றார். 1976 ஜனவரி 5 அன்று புடாபெஸ்டில் காலமானார்.

அதே 1976இல்தான் செயல்முறைச் சுடுதல் எனப்படும், ஓடி நகர்ந்து சுடும் விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பு அமெரிக்காவில் உருவானது. அந்த விளையாட்டில் பலர் தம் ரவையைத் தாமே நிரப்புகிறார்கள். அவர்களின் ரவையில் பற்றவைக்கும் மூடி கோதின் நடுவில் இருப்பதால் அது முடிகிறது. சுட்ட கோதைச் சுத்தம் செய்து, அளவுக்கு அழுத்தி, புது மூடி பொருத்தி, மருந்தை நிறுத்து இட்டு, குண்டைப் பதிக்கிறார்கள். மருந்து விடுபட்டால் குண்டு குழலிலேயே தங்கிவிடும். அதைக் கவனியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். இரட்டிப்பாக விழுந்தால் துப்பாக்கியே சிதறலாம். ஆகவே ஒவ்வொரு கோதுக்குள்ளும் எட்டிப்பார்த்த பிறகே குண்டைப் பதிப்பார்கள். ஒரு விளையாட்டுக்கே இவ்வளவு சரிபார்ப்பு.

எங்கள் மண்ணில் விழுந்தவற்றை யாரும் அப்படிச் சரிபார்க்கவில்லை. வெடிக்காமல் போனவை நிலத்துக்குள் காத்திருக்கின்றன. முல்லைத்தீவில் நான் சந்தித்த ஒரு அண்ணன், மீளக்குடியேறிய காணியைத் துப்புரவாக்கும்போது மண்வெட்டி பட்ட ஒன்றால் வலது கையை இழந்தார். அவரும் இடது கைக்குப் பழகிவிட்டார். சைக்கிள் ஓட்டுகிறார், வேலி அடைக்கிறார். ஆனால் இடது கையால் போடும் கையொப்பம் பழைய கையொப்பத்தோடு ஒத்துவரவில்லை என்று ஒரு வங்கி அவரைப் பலமுறை அலைய வைத்தது.

டகாச்சின் மனவுறுதியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கை போன பிறகும் இராணுவம் அவரை வைத்துக்கொண்டது, பதவி உயர்த்தியது. சுடுவதற்குத் திடலும் ரவையும் இருந்தன. ஓர் இழப்புக்குப் பின் மனிதர் எழுந்து நிற்க இவையெல்லாம் வேண்டும். அடுத்தமுறை அந்தக் கதையைப் பகிரும்போது, எங்கள் ஊரில் கை இழந்தவருக்கு இவற்றில் எது கிடைத்தது என்றும் சேர்த்துக் கேளுங்கள். அந்த அண்ணனிடம் மனவுறுதி ஏற்கெனவே இருக்கிறது. அவர் கேட்பது, தன் புதுக் கையொப்பத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லி.