ஆங்கிலப் பாடமும் இரட்டைமலையார் வாழ்வும்

கெடார் வட்டாரத்து நம் இளைஞருள் பலர் ஆங்கிலத்தைத் தேர்வுச் சுமையாகவே கருதுகின்றனர். அம்மொழியால் நாட்டு நடப்பறிந்து, உரிமை கேட்டுப் போராடிய பெருமகனார் ஒருவரை இவ்வெள்ளி விழா மலரில் நினைவுகூர விழைகின்றோம். அவரே இரட்டைமலை சீனிவாசனார்.

செங்கற்பட்டுச் சீமைக் கோழியாளத்திற் பிறந்த அன்னார், கோயம்புத்தூரிற் கல்வி பயின்றார். அங்கு ஏறத்தாழ 400 மாணவருள் 10 பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலம் வெளிப்பட்டால் இழிவுறுத்துவர் என்றஞ்சி, பள்ளிக்கு வெளியே தனித்திருந்து படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். அவ்வாறு அஞ்சிப் பயின்ற சிறுவர்தாம் பின்னாளில் பேரவைகளில் அஞ்சாது பேசினார்.

நீலகிரியிற் கணக்கராகப் பணியாற்றிய பின் சென்னை வந்து, 1893 அக்டோபரில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே தலைநிமிர்ந்து இதழுக்குச் சூட்டினார்.

அவ்வாண்டில், இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இலண்டனில் நடத்துவதுபோலவே இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரசார் கோரினர். கேட்பதற்கு நல்ல கோரிக்கையே. ஆயினும் பள்ளிக் கதவே திறவாத மக்களுக்கு அதனால் விளைவது யாதெனச் சீனிவாசனார் ஆராய்ந்தார். கற்ற உயர்சாதியாரே அதிகாரிகளாகி நம்மை ஆள்வர் எனக் கண்டார். 1893 டிசம்பரிற் சென்னையிற் கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீள விண்ணப்பத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். வாக்குரிமை இல்லாத மக்கள் தம் குரலைக் கடல் கடந்து ஒலிக்கச் செய்த நிகழ்ச்சி அது.

பின்னர்ப் பல்லாண்டுகள் ஆப்பிரிக்காவில் வாழ்ந்து திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுவழி, பொதுக்கிணறு ஆகியவற்றில் நமக்குள்ள உரிமைக்காக அங்கு வாதாடினார். 1930, 1931ஆம் ஆண்டுகளின் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் நிலையை உலகறியச் செய்தார். 18-9-1945இல் மறைந்தார்.

இவ்வாழ்வு நமக்குரைப்பது யாது? செய்தியைப் படித்தால் மட்டும் போதாது. அதனால் நம் தெருவுக்கு விளைவது யாதென வினவுதல் வேண்டும். வினவியதை விண்ணப்பமாக வரையவும் அறிதல் வேண்டும். ஆகவே ஆங்கில வகுப்பில் இலக்கணத்தோடு நாளேட்டுச் செய்தியையும், அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் விதியையும், கிராமசபையின் நடைமுறையையும் பயிற்றுதல் நலமென எண்ணுகின்றோம். 17ஆம் விதி தீண்டாமையை ஒழித்த விதி. அதனைப் படித்துப் பொருள் சொல்லும் மாணவனும் மாணவியும், ஆங்கிலத்தோடு தம் உரிமையையும் கற்றவராவர்.

இளைஞர்காள்! இரட்டைமலையார் மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தார். நமக்கு அந்நிலை இல்லை. முன்வரிசையில் அமருங்கள், வினா எழுப்புங்கள்.