நாவலில் நூல்களை எரித்தவர், நிஜத்தில் எரிந்ததோ அவரது நூல்: யார் இந்த டெபுட்டி நசீர் அகமது?

கதை, கவிதை எல்லாம் டைம் வேஸ்ட், உருப்படியா ஏதாவது படி என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் இதோடு இன்னொரு கேள்வியும் சேரும்: கற்பனைக் கதை மார்க்கத்துக்கு ஏற்றதா? அந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர், உருதுவின் முதல் நாவலாசிரியர் என்று பலரும் சொல்லும் நசீர் அகமது.

1830களில் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் பகுதியில் பிறந்தார். டெல்லியில் பள்ளிவாசலில் தங்கிப் படித்தபோது, வீடு வீடாகப் போய் ரொட்டி வாங்கி வருவது அவர் வேலை. ஒரு வீட்டில் மசாலா அரைத்துக் கொடுத்தால்தான் ரொட்டி. கை ஓய்ந்தால் அந்த வீட்டுச் சிறுமி விரலிலேயே அடிப்பாளாம். பிற்பாடு அவர் கல்யாணம் செய்துகொண்டது அந்தச் சிறுமியைத்தான்!

பிறகு டெல்லி கல்லூரி, கல்வித்துறை வேலை, இந்திய தண்டனைச் சட்டத்தின் உருது மொழிபெயர்ப்பில் பங்கு, டெபுட்டி கலெக்டர் பதவி. பெயருக்கு முன்னால் டெபுட்டி ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

பெண் பிள்ளைகள் படிக்கத் தோதான புத்தகம் கிடைக்காததால், மகளுக்காகத் தானே எழுத ஆரம்பித்தார். அக்பரி, அஸ்கரி என்ற அக்கா தங்கை கதையான 'மிராத்துல் உரூஸ்' 1869இல் வெளியானது. வடமேற்கு மாகாண அரசு 1,000 ரூபாய் பரிசு கொடுத்து, 2,000 பிரதிகளையும் வாங்கியது.

அலமாரிக்குத் தீ

சிக்கலே பின்னர் வந்த 'தௌபத்துன் நஸூஹ்' நாவலில்தான். காலராவில் படுத்த நஸூஹ், கனவில் மறுமை விசாரணையைப் பார்க்கிறார். பிழைத்ததும் குடும்பத்தையே திருத்தக் கிளம்புகிறார். கவிதைப் பித்தனான மூத்த மகன் கலீம் மசியாமல் வீட்டை விட்டுப் போகிறான். அப்பா அவன் புத்தகங்களை எரிக்கிறார். கதையில் கவிதை எரிகிறது, ஆனால் அதைச் சொல்ல ஆசிரியருக்கும் ஒரு கதைதானே தேவைப்பட்டது?

குர்ஆனின் 26ஆம் அத்தியாயத்தின் பெயரே 'கவிஞர்கள்'. செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களை அது கண்டிக்கிறது, நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிவோருக்கு விலக்கும் தருகிறது. நபிகள் நாயகத்தின் தோழர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் ஒரு கவிஞர். யூசுஃப் நபியின் வரலாற்றை அழகிய வரலாறு என்கிறது 12ஆம் அத்தியாயம். ஆனால் அது நடந்த வரலாறு என்பது நம்பிக்கை. நடக்காத கதைக்கு? நசீர் அகமது செயலில் பதில் சொன்னார்: பாத்திரங்கள் கற்பனை, நோக்கம் மார்க்கம். 'நஸூஹ்' என்ற பெயரே, உண்மையான பாவமன்னிப்பைக் குறிக்க குர்ஆன் பயன்படுத்தும் சொல்.

1890களில் குர்ஆனையே உருதுவில் மொழிபெயர்த்தார். நாவலில் எல்லோரும் ரசித்த டெல்லி பேச்சு வழக்கு அங்கேயும் வர, ஆலிம்கள் சிலர் முகம் சுளித்தனர். கடைசிக் காலத்தில் நபியின் மனைவியரைப் பற்றி 'உம்மஹாதுல் உம்மா' எழுதினார். ஒரு கிறிஸ்தவ நூலுக்கான மறுப்பு அது. ஆனால் புனிதமானவர்களைப் பற்றி இவ்வளவு சகஜமாகவா பேசுவது என்று கொந்தளிப்பு. பிரதிகள் தீயில் போடப்பட்டன. நஸூஹைப் படைத்தவருக்கே இந்த நிலை.

1912இல் காலமானார். 'தௌபத்துன் நஸூஹ்' நாவலை கெம்ப்சன் 1884லேயே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கிடைத்தால் படியுங்கள், அலமாரி எரியும்போது உங்கள் மனசு அப்பா பக்கமா, கலீம் பக்கமா என்று பாருங்கள். என் மனசு கலீம் பக்கம்தான் போனது.