இதயத்தின் அடைப்பைத் திறந்தவர்

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இந்த உறுப்புக்கும் இரத்தம் தேவை. அதைக் கொண்டு சேர்ப்பவை இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் இதயத் தமனிகள். இவை மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்கள். இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால் நெஞ்சுவலி உண்டாகும். வழி முற்றாக அடைபட்டால் மாரடைப்பு ஏற்படும். 1970களின் நடுப்பகுதி வரை, மருந்தினால் குணமாகாத நோயாளிகளுக்கு நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் பைபாஸ் அறுவைச் சிகிச்சை ஒன்றே வழியாக இருந்தது. அந்த நிலையை மாற்றியவர் ஆண்டிரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர்.

குருன்ட்சிக் 1939ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். சில மாதங்களிலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. போருக்குச் சென்ற தந்தை வீடு திரும்பவில்லை. தாயார்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தபோது, அவர்கள் வாழ்ந்த பகுதி கிழக்கு ஜெர்மனி ஆயிற்று. லைப்சிக் நகரில் பள்ளிப் படிப்பை முடித்த குருன்ட்சிக், மேற்கு ஜெர்மனிக்குச் சென்று ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1964இல் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் ஒரு புதுமையைச் செய்தார். மூதாட்டி ஒருவரின் காலில் இரத்த ஓட்டம் குறைந்து, காலையே வெட்டி எடுக்க வேண்டிய நிலை ஏற்பட்டிருந்தது. டாட்டர் அவருடைய தமனிக்குள் முதலில் மெல்லிய குழாயையும் பின்னர் அதைவிடத் தடித்த குழாயையும் செலுத்தி அடைப்பை அகற்றினார். மூதாட்டியின் கால் காப்பாற்றப்பட்டது. ஆயினும், பெரும்பாலான மருத்துவர்கள் இம்முறையை ஏற்கத் தயங்கினர். தடித்த குழாயை வலிந்து தள்ளினால் தமனியின் சுவர் காயமடையலாம் என்று அவர்கள் அஞ்சினர்.

குருன்ட்சிக் 1969இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். டாட்டரின் முறையைக் கற்று, கால் தமனிகளில் பயன்படுத்தத் தொடங்கினார். அதன் பயனை உணர்ந்த அவர், அதன் குறையையும் உணர்ந்தார். குழாயைத் தள்ளுவதற்குப் பதிலாக, மெல்லிய குழாயின் நுனியில் சிறிய பலூனைப் பொருத்தி, அடைப்புள்ள இடத்தில் மட்டும் அதை விரித்தால் என்ன என்று சிந்தித்தார். எண்ணம் எளிமையாகத் தோன்றினாலும் அதைச் செயல்படுத்துவது கடினமாக இருந்தது. சாதாரண ரப்பர் பலூன், அழுத்தம் கூடக் கூட எல்லாப் பக்கமும் உப்பிக்கொண்டே போகும். அடைப்பு கடினமாக இருக்கும் இடத்தில் விரியாமல், மென்மையான இடத்தில் அளவுக்கு மீறி விரிந்து தமனியைக் கிழித்துவிடும். எனவே, குறிப்பிட்ட அளவு வரை விரிந்து, அதற்குமேல் விரியாத பலூன் அவருக்குத் தேவைப்பட்டது.

அத்தகைய பலூன் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. எனவே, குருன்ட்சிக் அதைத் தம் வீட்டுச் சமையலறையிலேயே செய்ய முனைந்தார். பகலில் மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு, இரவில் சமையலறை மேசையில் மெல்லிய குழாய்களைப் பரப்பிக்கொண்டு அமர்வார். அவருடைய மனைவி மிக்கேலாவும் உதவியாளர் மரியா ஷ்லும்ப்பும் அவருக்குத் துணை நின்றனர். வேதியியல் பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டலால், பிவிசி என்னும் நெகிழிப் பொருள் இப்பணிக்கு ஏற்றது என்பதை அறிந்தார். பிவிசி குழாயைச் சூடாக்கி, அழுத்தம் கொடுத்து, நீள்வடிவப் பலூனாக மாற்றினார். பலமுறை தோற்ற பிறகே விரும்பிய பலூன் கிடைத்தது.

1974ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கால் தமனியில் அடைப்புடைய நோயாளி ஒருவருக்கு அந்தப் பலூனைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். பிறகு, இதயத் தமனிக்குள் செல்லும் அளவுக்குப் பலூனைச் சிறிதாக்கி, நாய்களிடம் சோதித்தார். 1976இல் அமெரிக்காவின் மயாமி நகரில் நடந்த இதய மருத்துவர் மாநாட்டில் அந்த முடிவுகளைக் காட்சிக்கு வைத்தார். பார்வையிட்டவர்களில் பலர் ஐயத்தோடே சென்றனர். துடித்துக்கொண்டிருக்கும் மனித இதயத்தின் தமனிக்குள் பலூனை விரிப்பது ஆபத்தானது என்று அவர்கள் கருதினர்.

அவர்களின் அச்சம் தவறன்று என்பது குருன்ட்சிக்குக்குத் தெரியும். பலூன் விரியும்போது தமனியின் உட்சுவர் கிழிந்து வழி அடைபடலாம். நோயாளிக்குச் சில நிமிடங்களில் மாரடைப்பு ஏற்படலாம். ஆகவே, அவர் தம் திறமையை மட்டும் நம்பவில்லை. சூரிச் மருத்துவமனையின் புகழ்பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் ஓக்கே சென்னிங்கின் ஆதரவைப் பெற்றார். சிகிச்சையின்போது ஏதேனும் நேர்ந்தால் உடனே பைபாஸ் செய்ய, அறுவைச் சிகிச்சைக் குழு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

1977ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் அந்தத் தருணம் வந்தது. நோயாளிக்கு வயது 38. குருன்ட்சிக்கின் வயதும் அதுவே. இதயத்தின் முன்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முக்கியத் தமனியில் அவருக்கு அடைப்பு இருந்தது. புதிய முறையின் ஆபத்துகளைக் கேட்டறிந்த பிறகே அவர் அதற்கு இசைந்தார். தொடையின் மேற்பகுதியிலுள்ள தமனி வழியாகக் குழாய் செலுத்தப்பட்டது. நோயாளி விழித்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, குருன்ட்சிக் பலூனை அடைப்பு இருந்த இடத்தில் நிறுத்தி, இருமுறை விரித்துச் சுருக்கினார். தடைபட்டிருந்த இரத்தம் மீண்டும் தாராளமாகப் பாய்ந்தது. காத்திருந்த அறுவைச் சிகிச்சைக் குழுவுக்கு வேலை ஏற்படவில்லை.

அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த மாநாட்டில், முதல் நான்கு நோயாளிகளைப் பற்றி குருன்ட்சிக் உரையாற்றினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. புகழ் தேடி வந்த அவ்வேளையில், வெற்றிகளை மட்டும் எடுத்துக்கூறி அவர் பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால், அவர் அவ்வாறு செய்யவில்லை. 1979இல் வெளியிட்ட கட்டுரையில் முதல் 50 நோயாளிகளின் நிலையையும் உள்ளபடியே எழுதினார். அவர்களுள் 32 பேருக்கே சிகிச்சை வெற்றி பெற்றது. ஐவருக்கு நிலைமை திடீரென மோசமாகி, அவசரமாகப் பைபாஸ் செய்ய நேர்ந்தது. பைபாஸ் தேவைப்படுவோருள் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கே தம் முறை பொருந்தும் என்றும் அவர் மதிப்பிட்டார்.

கற்பிப்பதிலும் அவர் இதே நேர்மையைக் கடைப்பிடித்தார். 1978 முதல் சூரிச்சில் பிற மருத்துவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். அவர் சிகிச்சை அளிப்பதை அவர்கள் தொலைக்காட்சித் திரையில் நேரடியாகப் பார்த்தனர். நேரடிக் காட்சியில் பிழையை மறைக்க வழியில்லை. சிக்கல் எழுந்தால், அதை அவர் எவ்வாறு எதிர்கொள்கிறார் என்பதும் அவர்களுக்குப் பாடமாயிற்று. 1979இல் அமெரிக்காவில், பல மருத்துவமனைகளின் சிகிச்சை முடிவுகளைத் திரட்டும் பதிவேடு தொடங்கப்பட்டது. வெற்றியோடு விபத்துகளும் அதில் இடம்பெற்றன.

1980இல் குருன்ட்சிக் அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு ஐந்தாண்டுகள் சிகிச்சை அளித்தும் கற்பித்தும் வந்தார். விமானம் ஓட்டுவதில் அவருக்கு மிகுந்த விருப்பம் இருந்தது. 1985ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், அவர் ஓட்டிச் சென்ற சிறிய விமானம் ஜார்ஜியா மாநிலத்தில் விழுந்து நொறுங்கியது. அவரும் அவருடைய இரண்டாவது மனைவியும் உயிரிழந்தனர். அப்போது அவருக்கு வயது 46. 1987இல், முதல் நோயாளி அதே எமரி பல்கலைக்கழகத்துக்கு வந்து பரிசோதனை செய்துகொண்டார். பத்தாண்டுகளுக்கு முன் குருன்ட்சிக் திறந்த தமனி அப்போதும் திறந்தே இருந்தது.

அவர் விட்டுச் சென்ற பணியைப் பிறர் தொடர்ந்தனர். அவர் மறைந்த ஐந்தே மாதங்களில், பிரான்ஸின் துலூஸ் நகரில் ஜாக் புயெல் என்ற மருத்துவர் முதன்முதலாக மனித இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தினார். ஸ்டென்ட் என்பது உலோக வலையாலான சிறு குழாய். கிழிந்த உட்சுவர் வழியை அடைக்காதபடி அது தாங்கிப் பிடித்தது. அதனால் அவசர பைபாஸ் சிகிச்சைகள் வெகுவாகக் குறைந்தன.

எனினும், மற்றோர் ஆபத்து எஞ்சியிருந்தது. அரிதாக, பலூனோ கம்பியோ தமனியின் சுவரை முழுவதுமாகத் துளைத்துவிடும். நூறு நோயாளிகளில் ஒருவருக்குக்கூட இது நேர்வதில்லை. ஆனால், நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வெளியேறும் இரத்தம் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் தேங்கி, இதயத்தை அழுத்தும். அழுத்தப்பட்ட இதயத்தால் போதிய இரத்தத்தை வாங்கவோ அனுப்பவோ இயலாது. சாதாரண ஸ்டென்ட் இதற்குப் பயன்படாது. வலையின் கண்கள் வழியே இரத்தம் கசிந்துவிடும்.

இதற்குத் தீர்வாக 1990களில் உறையிட்ட ஸ்டென்ட் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் ஒரு வகையில், இரண்டு உலோக வலைகளுக்கிடையே மெல்லிய உறை இருக்கும். அந்த உறை, எண்ணெய் ஒட்டாத சட்டிகளில் பூசப்படும் பொருளின் வகையைச் சேர்ந்தது. தமனியில் துளை விழுந்தால், மருத்துவர் முதலில் பலூனை அந்த இடத்தில் விரித்து இரத்தக் கசிவைத் தடுத்து நிறுத்துகிறார். உறைக்குள் தேங்கிய இரத்தம் இதயத்தை அழுத்தினால், ஊசி வழியாக அது வெளியேற்றப்படுகிறது. கசிவு நிற்காவிட்டால், உறையிட்ட ஸ்டென்ட் உள்ளே கொண்டுசெல்லப்படுகிறது. அது விரிந்ததும் துளை உள்ளிருந்தே மூடப்படுகிறது. இதற்கும் குறைகள் உண்டு. இது தடித்தது என்பதால் வளைந்த தமனிகளில் செலுத்துவது கடினம். உள்ளே இரத்தம் உறையும் வாய்ப்பும் அதிகம் என்பதால், நோயாளி நெடுநாள் மருந்து உட்கொள்ள வேண்டும். இருப்பினும், நெஞ்சைப் பிளக்காமலே பல உயிர்களை இது காப்பாற்றியுள்ளது.

வருமுன் காப்பது அறிவுடைமை. 1977இல் சூரிச்சில் அறுவைச் சிகிச்சைக் குழு ஒன்று காத்திருந்தது. அன்று அதற்கு வேலை ஏற்படவில்லை. இன்று இதயச் சிகிச்சைக் கூடங்களில் உறையிட்ட ஸ்டென்ட் அதேபோல் எட்டும் தூரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான நாள்களில் அதன் உறையை யாரும் பிரிப்பதில்லை. ஆயினும், தேவைப்படும் நாளில் அது அங்கே இருக்க வேண்டும். தம் முறை தவறக்கூடும் என்பதை முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டு, அதற்கேற்ப ஆயத்தம் செய்தவர் குருன்ட்சிக். அவர் திறந்த வழியில், அந்தப் பழக்கத்தோடுதான் இன்றும் மருத்துவர்கள் செல்கின்றனர்.